‘எ டே இன் தி லைஃப்’: ஒரு சைக்கெடெலிக் ராக் பாடலும் ஒலிக்கூச்சமும்

‘எ டே இன் தி லைஃப்’ என்பது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த பீட்டில்ஸ் இசைக்குழு 1967ஆம் ஆண்டில் பதிவு செய்த பாடல். ‘சார்ஜெண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ என்ற இசைத்தட்டின் இறுதிப் பாடலாக இது வெளிவந்தது. ஜான் லெனானும் பால் மெக்கார்ட்னியும் தனித்தனியே எழுதிய இரு பகுதிகள் இதில் இணைக்கப்பட்டுள்ளன. சைக்கெடெலிக் ராக் இசையின் முதன்மையான படைப்புகளில் ஒன்றாக இப்பாடல் மதிக்கப்படுகிறது.

இப்பாடலை எல்லோராலும் ஒரே வகையில் கேட்க முடிவதில்லை. பலருக்கு மெய்சிலிர்ப்பைத் தரும் அதே பகுதி, ஒலிக்கூச்சம் உள்ள ஒருவருக்கு நெஞ்சு படபடப்பையும் தலைவலியையும் தரலாம். கண் கூசுவதையும் பல் கூசுவதையும் போலச் செவி கூசுவதும் உண்மையான உடல் அனுபவமே. இப்பாடலில் அந்தக் கூச்சத்தைத் தூண்டுவது வெறும் சத்தம் அல்ல. ஒலி ஏறும் விதம், அது அறுபடும் விதம், அடுத்து என்ன வரும் என்று தெரியாத நிலை ஆகியவை அதற்குக் கூடுதலான காரணங்கள்.

சைக்கெடெலிக் ராக்

‘சைக்கெடெலிக்’ என்ற சொல்லை உளமருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் 1956இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் உருவாக்கினார். கிரேக்க வேர்களின்படி ‘மனத்தை வெளிப்படுத்துவது’ என்பது இதன் பொருள். எல்எஸ்டி போன்ற பொருட்கள் ஏற்படுத்தும் உணர்வு மாற்றங்களைக் குறிக்க எழுந்த இச்சொல், 1960களின் நடுவில் ஒரு ராக் இசை வகைக்கும் பெயராயிற்று.

இவ்வகை இசையின் நோக்கம் கேட்பவரின் வழக்கமான புலனுணர்வைக் குலைத்து, நேரமும் இடமும் மாறியது போன்ற மயக்கத்தை உண்டாக்குவது. இதற்காக ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டுதல், எதிரொலியைக் கூட்டுதல், குரலை ஒரு செவியிலிருந்து மறு செவிக்கு நகர்த்துதல், கிதாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்தல் போன்ற உத்திகள் கையாளப்பட்டன. ஆகவே புலன்களைத் திகைக்க வைப்பது இவ்விசையில் தற்செயலாக நேரும் விளைவு அன்று. இசைக்கலைஞர்கள் திட்டமிட்டுச் செய்யும் வேலை.

பாடல் உருவான விதம்

பாடலின் பதிவு 1967 ஜனவரி 19 அன்று லண்டன் அபே சாலையில் உள்ள இஎம்ஐ ஒலிப்பதிவுக்கூடத்தில் தொடங்கியது. லெனானின் பகுதிக்கும் மெக்கார்ட்னியின் பகுதிக்கும் இடையே 24 தாளக்கட்டங்கள் வெற்றிடமாக விடப்பட்டன. அங்கே என்ன வரும் என்பது அப்போது முடிவாகவில்லை. குழுவின் உதவியாளர் மால் எவன்ஸ் அந்த 24 கட்டங்களையும் உரக்க எண்ணினார். வெற்றிடம் முடியும் இடத்தை அடையாளப்படுத்த ஓர் அலாரம் கடிகாரம் ஒலிக்க வைக்கப்பட்டது. அடுத்து வரும் மெக்கார்ட்னியின் பகுதி தூக்கத்திலிருந்து விழிப்பதைப் பற்றியது என்பதால் அந்த அலார ஒலி இறுதி வடிவத்திலும் நிலைத்துவிட்டது.

பிப்ரவரி 10 அன்று 40 வாத்தியக் கலைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அவர்களுக்கு வழங்கிய இசைக்குறிப்பு வழக்கத்துக்கு மாறானது. ஒவ்வொருவரும் தம் வாத்தியத்தின் மிகக் கீழான சுரத்தில் மெதுவாகத் தொடங்க வேண்டும். 24 கட்டங்களின் முடிவில் மிக மேலான சுரத்தில் உரக்க முடிக்க வேண்டும். இடைப்பட்ட தூரத்தை அவரவர் விருப்பப்படி ஏறலாம். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஏறக் கூடாது. சேர்ந்து வாசிப்பதையே வாழ்நாள் பயிற்சியாகக் கொண்ட கலைஞர்களுக்கு இது புதிதாக இருந்தது. இந்த வாசிப்பு பலமுறை பதிவு செய்யப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. அதனால் 40 பேரின் ஒலி அதைப்போலப் பல மடங்கு பேரின் ஒலியாகத் தடித்தது.

பாடலின் முடிவில் வரும் ஈ மேஜர் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) பிப்ரவரி 22 அன்று பதிவானது. பல பியானோக்களில் ஒரே நேரத்தில் இந்தக் கார்டு அழுத்தப்பட்டது. மார்ட்டின் ஹார்மோனியம் வாசித்தார். ஒலி தேயத் தேய, ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் பதிவின் அளவை உயர்த்திக்கொண்டே சென்றனர். அதனால் அந்த ஒரே கார்டு 40 விநாடிகளுக்கு மேல் நீள்கிறது. அதன் கடைசி விநாடிகளில் நாற்காலி கிறீச்சிடும் ஒலிகூடக் கேட்கும்.

பாடல் வெளிவரும் முன்பே, 1967 மே மாதத்தில், போதைப்பொருளைக் குறிப்பதாகக் கருதி பிபிசி இதன் ஒலிபரப்பைத் தடை செய்தது. அந்தத் தடை பாடலின் சொற்களைப் பற்றியது. ஒலிக்கூச்சம் உள்ளவர்களுக்குச் சிரமம் தருவது சொற்கள் அல்ல, ஒலியே.

பாடலின் ஒலிப்பாதை

பாடலில் எந்த இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதைக் கீழ்க்காணும் நேரங்கள் ஏறத்தாழக் காட்டுகின்றன. பதிப்புக்குப் பதிப்பு சில விநாடிகள் மாறலாம்.

தொடக்கம் முதல் 1 நிமிடம் 40 விநாடி வரை: கிதார், பியானோ, எதிரொலி சேர்ந்த லெனானின் குரல். அமைதியான பகுதி. இடையில் கனத்த முரசொலி சேர்கிறது. 1967இன் ஸ்டீரியோ பதிப்பில் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மெல்ல நகர்கிறது.

1:45 முதல் 2:16 வரை: வாத்தியக் குழுவின் முதல் ஏற்றம். ஏறத்தாழ 30 விநாடிகளில் ஒலி, மெல்லிய முணுமுணுப்பிலிருந்து உச்சத்தை அடைந்து சட்டென்று அறுபடுகிறது.

2:18 அளவில்: அலாரம்.

2:20 முதல் 3:45 வரை: மெக்கார்ட்னியின் விரைவான பகுதி, கனவு போன்ற இடைப்பகுதி, மீண்டும் லெனானின் குரல்.

3:50 முதல் 4:20 வரை: இரண்டாம் ஏற்றம். உச்சத்தில் ஒரு நொடி மௌனம். அதையடுத்து இறுதிக் கார்டு விழுகிறது.

4:20 முதல் 5:05 வரை: கார்டு சிறிது சிறிதாகத் தேய்கிறது.

அதன் பின்: பிரிட்டனில் வெளியான தட்டின் முடிவில் 15 கிலோஹெர்ட்ஸ் அளவிலான மிக உயர்ந்த ஒலியும், பொருளற்ற பேச்சுத் துணுக்கும் சேர்க்கப்பட்டன. பின்னர் வந்த குறுந்தகட்டிலும் இவை உண்டு.

செவியிலும் மூளையிலும் நிகழ்வது

ஏறும் ஒலி. ஒரே அளவு மாற்றமாக இருந்தாலும், குறைந்துகொண்டே போகும் ஒலியைவிடக் கூடிக்கொண்டே வரும் ஒலியின் மாற்றம் மனிதர்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. உளவியலாளர் ஜான் நியூஹாஃப் 1998இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கூடிவரும் ஒலி, ஏதோ ஒன்று நெருங்கி வருவதன் அறிகுறி. நெருங்கி வருவதை மிகைப்படுத்தி உணர்வது உயிர் தப்ப உதவும் என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். பாடலின் ஏற்றம் இந்த எச்சரிக்கை உணர்வை 30 விநாடிகள் இடைவிடாமல் தூண்டுகிறது.

சொரசொரப்பு. அருகருகே உள்ள இரு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலியின் வலிமை விரைவாகக் கூடிக் குறைகிறது. இதைச் செவி ஒருவிதச் சொரசொரப்பாக உணர்கிறது. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலிலேயே இதை விளக்கினார். மனிதரின் அலறலிலும் இத்தகைய சொரசொரப்பு மிகுந்திருப்பதை 2015இல் லூக் ஆர்னாலும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். வலிமை விநாடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்கும் ஒலிகள் மூளையின் அச்ச மையமான அமிக்டலாவைத் தூண்டுவதையும் கண்டனர். 40 கலைஞர்கள் வெவ்வேறு வேகத்தில் ஏறும்போது, எந்த நொடியிலும் ஒன்றோடொன்று உரசும் சுரங்கள் ஏராளமாக இருக்கும். உச்சத்தை நெருங்கும்போது அந்த இசை சிலருக்குக் கூட்டு அலறல் போலக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

திடீர் ஒலி. எதிர்பாராத ஒலி செவியில் பட்டதும் கண் இமைப்பதும் கழுத்து சுருங்குவதும் மூளைத்தண்டு நிகழ்த்தும் அனிச்சைச் செயல்கள். நொடியில் ஒரு சிறு பகுதிக்குள் இவை முடிந்துவிடும். ‘இது வெறும் பாட்டுதான்’ என்று அறிவு சொல்வதற்கு நேரம் இருப்பதில்லை. உரத்த ஒலியின்போது நடுச்செவியின் சிறு தசைகள் இறுகி, உட்செவிக்குச் செல்லும் ஒலியை ஓரளவு குறைக்கின்றன. ஆனால் அத்தசைகள் இறுகவும் சிறிது நேரம் வேண்டும். மெல்லக் கூடும் ஒலிக்கு இப்பாதுகாப்பு பயன்படும் அளவுக்குத் திடீர் ஒலிக்குப் பயன்படுவதில்லை. உச்சம் அறுந்து, உடல் தளரத் தொடங்கும் வேளையில் அலாரம் ஒலிப்பதால் அதன் தாக்கம் கூடுகிறது.

யாருக்குக் கூடுதலாக உறைக்கும்

ஒலிக்கூச்சம் ஒரே நோயின் பெயரன்று. பல நிலைகளில் இது காணப்படுகிறது.

ஹைபராகியூசிஸ் உள்ளவர்களுக்கு, மற்றவர்கள் இயல்பாகக் கருதும் ஒலியே தாங்க முடியாத அளவுக்கு உரத்து, சில வேளைகளில் வலியாகவும் உணரப்படும். இவர்களுக்கு ஏற்றத்தின் உச்சமே பெரும் சிக்கல்.

ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குப் புலன் தூண்டல்கள் மிகையாகவோ குறைவாகவோ உணரப்படுகின்றன. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டில் இது ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் சேர்க்கப்பட்டது. பல ஒலிகள் ஒரே நேரத்தில் குவிவதும், முன்னறிவிப்பில்லாத மாற்றமும் இவர்களைக் களைப்படையச் செய்யலாம்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, வலி வரும் வேளையில் ஒலியும் ஒளியும் பொறுக்க முடியாதவை ஆகின்றன. நேற்று ரசித்த பாடலே இன்று துன்பம் தரலாம்.

விபத்து, போர், வன்முறை போன்றவற்றின் பின்விளைவாக மன அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் திடீர் ஒலிக்கு மிகையாகத் திடுக்கிடுவதுண்டு. இப்பாடலின் தொடக்கத்தில் ஒரு கார் விபத்துச் செய்தியும் இடம்பெறுவதால் ஒலியோடு பொருளும் சேர்ந்து இவர்களைப் பாதிக்கக்கூடும்.

உட்செவிப் பாதிப்பால் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கும் கூச்சம் ஏற்படலாம். மெல்லிய ஒலி இவர்களுக்குக் கேட்பதில்லை. ஆனால் ஒலி சற்றே கூடினாலும் மிக உரத்துக் கேட்கும். ‘சத்தமாகப் பேசினால் ஏன் கத்துகிறாய் என்கிறார், மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை என்கிறார்’ என்று முதியவர்களைப் பற்றி வீடுகளில் குறைப்படுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்நிலைகள் எதுவும் இல்லாமல் இயல்பிலேயே புலன்கூர்மை மிகுந்தவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1990களில் இதை ஒரு குணவியல்பாக விவரித்தார். இவர்கள் இசையால் எளிதில் களைப்படைபவர்கள்; அதே இசையால் ஆழமாக நெகிழ்பவர்களும் ஆவர்.

கூச்சம் வேறு, செவிச் சேதம் வேறு

ஒலி துன்பம் தருவதால் அது செவியைக் கெடுத்துவிட்டது என்று பொருளாகாது. துன்பம் தராத ஒலி செவியைக் கெடுக்காது என்றும் பொருளாகாது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் இசை கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் அது வாரத்துக்கு 4 மணி நேரம். 100 டெசிபலில் 20 நிமிடங்கள் மட்டுமே. குழந்தைகளுக்கும் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுவோருக்கும் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பது அளவு.

இதன்படி, மிதமான அளவில் ஒருமுறை கேட்கப்படும் ஐந்து நிமிடப் பாடல் செவிக்குச் சேதம் விளைவிப்பதில்லை. அப்போது எழும் படபடப்பு நரம்பு மண்டலத்தின் எச்சரிக்கை மட்டுமே. அந்த எச்சரிக்கையை நடிப்பு என்று ஒதுக்குவது தவறு. அதற்கு அஞ்சி எல்லா ஒலிகளையும் விலக்குவதும் பயன் தராது. அன்றாடச் சூழலில் எந்நேரமும் காதடைப்பான் அணிந்திருந்தால் செவியின் கூச்சம் மேலும் கூடக்கூடும் என்பதால், ஹைபராகியூசிஸ் சிகிச்சையில் மெல்லிய ஒலிகளுக்குப் படிப்படியாகப் பழக்குவதே கையாளப்படுகிறது. உண்மையில் உரத்த இடங்களில் மட்டும் காதடைப்பான் அணிவது பொருத்தம்.

முன்னறிவும் கட்டுப்பாடும்

ஒலியின் அளவு மாறாமல் இருக்கும்போதே அதன் துன்பம் குறையக்கூடும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகியோரின் சோதனைகள் காட்டின. 1972இல் இவை நூலாகவும் வந்தன. சோதனைக்கு வந்தவர்கள் இரைச்சலுக்கு நடுவே வேலை செய்ய வைக்கப்பட்டனர். சிலருக்கு மட்டும் ஒரு பொத்தான் தரப்பட்டு, மிகவும் தேவைப்பட்டால் அதை அழுத்தி இரைச்சலை நிறுத்தலாம் என்று சொல்லப்பட்டது. பொத்தானை அழுத்தாமலேயே இருந்தவர்களும், பொத்தான் இல்லாதவர்களைவிடப் பின்னர் தரப்பட்ட பணிகளைச் சிறப்பாகச் செய்தனர். எப்போது வரும் என்று தெரிந்த இரைச்சலும் தெரியாத இரைச்சலைவிடக் குறைவாகவே பாதித்தது. நிறுத்த முடியும் என்ற உறுதியும், வரப்போவதைப் பற்றிய முன்னறிவும் ஒலியின் சுமையைக் குறைக்கின்றன.

இதை இப்பாடலுக்குப் பின்வருமாறு பயன்படுத்தலாம்.

மேலே தரப்பட்ட நேரங்களை அறிந்துகொண்டு, அவற்றைத் திரையில் பார்த்தபடி முதல்முறை கேட்கலாம். 30 விநாடிகளில் முடியும் என்று தெரிந்த ஏற்றம், முடிவு தெரியாத ஏற்றத்தைவிட எளிது.

ஒலியளவைத் தொடக்கத்தின் மெல்லிய குரலுக்கு ஏற்ப வைக்காமல், ஏற்றத்தின் உச்சத்துக்கு ஏற்ப வைக்கலாம். முதலில் 2:05 முதல் 2:16 வரையுள்ள பகுதியை மிகக் குறைந்த அளவில் ஒலிக்கவிட்டு, தாங்கும் அளவைக் கண்டறிந்த பின் பாடலைத் தொடக்கத்திலிருந்து கேட்பது நலம்.

ஹெட்போனைவிட அறையின் ஒலிபெருக்கி பலருக்கு எளிதாக இருக்கும். எழுந்து விலகிச் செல்ல இடம் இருப்பதும் ஒருவகைக் கட்டுப்பாடே. குரல் பக்கம் மாறுவது தொந்தரவு தந்தால், கைப்பேசியின் அணுகல் வசதி அமைப்பில் உள்ள ‘மோனோ’ தேர்வை இயக்கலாம்.

இறுதிக் கார்டு தேயும்போது அதைத் தொடர்ந்து கேட்பதற்காக ஒலியளவைக் கூட்டுவது பலருக்கும் இயல்பு. ஒலிக்கூச்சம் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுவே. கூட்டி வைத்த அளவிலேயே உயரொலியும் பேச்சுத் துணுக்கும் வந்து விழும். தொடரியக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் அடுத்த பாடல் முழு வலிமையோடு தொடங்கும். 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி நடுவயதைக் கடந்த பலருக்குக் கேட்பதில்லை. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் கேட்கும். வீட்டில் பெரியவருக்கு மௌனமாகத் தோன்றும் நேரத்தில் குழந்தை காதைப் பொத்திக்கொண்டால் அதற்குக் காரணம் இருக்கிறது.

வகுப்பறை, விழா, நண்பர் வீடு போன்ற இடங்களில் இத்தகைய பாடலை ஒலிக்கவிடுபவர், ‘ஒன்றே முக்கால் நிமிடத்தில் சத்தம் ஏறும், அரை நிமிடத்தில் நின்றுவிடும், பிறகு ஓர் அலாரம் அடிக்கும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இசையில் எதையும் மாற்றாமல் செய்யக்கூடிய உதவி இது. பாடலின் வியப்பு இதனால் கெடுவதில்லை. இதைப் பலமுறை கேட்ட ரசிகர்கள் எல்லோருக்கும் அந்த ஏற்றம் வரும் இடம் முன்பே தெரிந்ததுதான்.

கேட்டபின் காதில் வலியோ இரைச்சலோ நீடித்தால், அல்லது அன்றாட ஒலிகளே தாங்க முடியாதவையாக மாறினால், காது மூக்கு தொண்டை மருத்துவரையோ செவித்திறன் வல்லுநரையோ அணுக வேண்டும்.

இறுதிக் கார்டின் சிறப்பு

ஒலிக்கூச்சம் உள்ளவர்களுக்கு இப்பாடல் தரும் சிரமம் பெரும்பாலும் இரண்டு அரை நிமிடங்களிலும் ஓர் அலாரத்திலும் அடங்கிவிடுகிறது. அதன் பின் வரும் கார்டில் புதிய சுரம் எதுவும் சேர்வதில்லை, தாளம் இல்லை, சொல் இல்லை. ஒரே ஒலி, அடுத்து வருவது என்ன என்ற கேள்வி இன்றி, முக்கால் நிமிடம் தேய்கிறது. ஏற்றத்தில் தூண்டப்பட்ட எச்சரிக்கை உணர்வு அடங்குவதற்கு வேண்டிய நேரம் பாடலுக்குள்ளேயே இருக்கிறது. தேய்ந்துவரும் அந்த ஒலிக்கு அடியில் பியானோ கம்பிகளின் அதிர்வையும், அறையின் மெல்லிய இரைச்சலையும், நாற்காலியின் கிறீச்சொலியையும் பிரித்தறியக் கூர்மையான செவி வேண்டும். ஏற்றத்தில் துன்புறும் செவிகள் பலவற்றுக்கு அந்தக் கூர்மை உண்டு.